குறைந்த செலவில் ஒரு காலப்பயணக் காதல் படம்: முதல் படம் எடுப்பவர்களுக்கு

மயிலாடுதுறையில் நண்பர்கள் சேர்ந்து ஒரு படம் எடுத்தோம். 88 நிமிடம். 2001இல் ஒரு பெண் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போன ஒருவர், இருபத்து மூன்று வருடம் கழித்து காசு கொடுத்து வெளியூருக்கு போன் பேசும் ஒரு பழைய எஸ்டிடி பூத்துக்குள் நுழைந்து, அந்தப் பதிலைச் சொல்லத் திரும்பிப் போகிறார். அவ்வளவுதான் கதை.

12 லட்சம் என்று எழுதி வைத்துத் தொடங்கினோம். முடிக்கும்போது 19 லட்சம். கூடுதலாகப் போன ஏழில் பாதிக்கு மேல், எந்த அனுமதிக் காகிதத்தை எப்போது வாங்க வேண்டும் என்று தெரியாததால் போனது. கடன் கொடுத்த நண்பர்களின் முகம் நினைவுக்கு வரும்போதெல்லாம், இதை யாராவது முன்பே எழுதி வைத்திருக்கக் கூடாதா என்று தோன்றும். அதனால் எழுதுகிறேன்.

1. கதைக்கு முன்னால் வருடத்தை முடிவு செய்யுங்கள்

காலப்பயணப் படத்தில் பணத்தைத் தின்பது இயந்திரமோ கிராபிக்ஸோ இல்லை, கடந்த காலம்தான். 1965க்குப் போனால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நீங்கள் பணம் கொடுக்க வேண்டும்: வண்டி, உடை, சுவர், தெரு எல்லாவற்றுக்கும். 2001 என்றால் பாதிப் பொருள் இன்னும் யாராவது வீட்டுப் பரணில் கிடக்கும். எங்கள் படத்தில் வரும் மிக்சி, சுவர்க்கடிகாரம், டிரங்குப் பெட்டி, சேலைகள் அத்தனையும் சொந்தக்காரர்களிடம் இரவல் வாங்கியவை.

இன்னொன்றும் யோசியுங்கள். உங்கள் கதாநாயகன் இளமையாகத் திரும்பிப் போகிறாரா, இப்போது இருக்கும் உடம்போடே போகிறாரா? இளமையாக என்றால் மேக்கப், விக், இல்லாவிட்டால் இரண்டு நடிகர்கள். இப்போதைய உடம்போடு போனால் ஒருவரே போதும். நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். செலவு மிச்சம் என்பதற்காகத்தான் எடுத்தோம். ஆனால் 45 வயது மனிதரை 22 வயதுப் பெண் அடையாளம் தெரியாமல் “சார், எந்த ஊருக்கு போன் போடணும்?” என்று கேட்கும் காட்சி அதனால்தான் கிடைத்தது. படத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது.

2. ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்

எங்கள் விதி: பூத்தில் மீட்டர் ஓடும்வரை அவர் 2001இல் இருக்கலாம், பில் அச்சாகி வந்ததும் திரும்பிவிடுவார். இதை விளக்க வசனம் எழுதவில்லை. சிவப்பு எண்கள் ஓடுவதைக் காட்டினால் போதும். விதியை ஒரு பொருளுக்குள் வைத்தால் கிராபிக்ஸ் தேவைப்படாது. அந்த மீட்டரும் பிரிண்டரும், முன்பு பூத் வைத்திருந்த ஒருவரிடம் 4,500 ரூபாய்க்குக் கிடைத்தன. ரிப்பேருக்கு 1,200.

இரண்டாவது விதி சேர்க்க ஆசை வரும். சேர்க்காதீர்கள். நாங்கள் சேர்த்த ஒன்றைப் புரிய வைக்க நான்கு காட்சி எடுத்து, எடிட்டிங்கில் நான்கையும் தூக்கினோம். ஒன்றரை நாள் ஷூட்டிங் வீண்.

3. இரண்டாம் வாய்ப்பை ஓர் அறைக்குள் வையுங்கள்

திரும்பிப் போகிறவர் எதை மாற்றப் போகிறார்? “வாழ்க்கையை” என்று பதில் வந்தால் உங்களிடம் படம் இன்னும் இல்லை. ஒரு கேள்வி, ஒரு கடிதம், ஒரு மாலைநேரம் என்று சுருங்கும்வரை எழுதுங்கள். ஒரே காட்சி மூன்று முறை திரும்ப வரும்போது ஒவ்வொரு முறையும் பார்ப்பவருக்கு வேறு ஒன்று புரிய வேண்டும். முதல்முறை அவன் என்ன சொல்லவில்லை என்பது, இரண்டாம் முறை அவள் என்ன எதிர்பார்த்தாள் என்பது, மூன்றாம் முறை அவள் ஏற்கெனவே என்ன முடிவெடுத்திருந்தாள் என்பது. ஒரே இடம், ஒரே உடை, ஒரே லைட்டிங். செலவு ஒரு மடங்கு, காட்சி மூன்று.

காதல் படத்தில் அவளுக்கும் இரண்டாம் வாய்ப்பு உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். எங்கள் முதல் வரைவில் அவள் காத்துக்கொண்டு மட்டும் இருந்தாள். நாயகியாக நடித்தவர் படித்துவிட்டு, “இதில் நான் செய்ய ஒன்றும் இல்லையே” என்றார். அவர் சொன்னது சரி. இரண்டு மாதம் உட்கார்ந்து மாற்றி எழுதினோம். காகிதத்தில் மாற்றுவதற்குக் காசு ஆகாது.

4. கதையையும் தலைப்பையும் பதிவு செய்யுங்கள்

கதையை யாரிடமும் சொல்வதற்கு முன் பதிவு செய்துவிடுங்கள். சென்னையில் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதியலாம், அல்லது மத்தியப் பதிப்புரிமை அலுவலகத்தில் ஆன்லைனில் இலக்கியப் படைப்பாகப் பதியலாம். இரண்டாவதற்குக் கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பித்த பிறகு, யாராவது ஆட்சேபம் சொல்கிறார்களா என்று 30 நாள் காத்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் பரிசீலனையே தொடங்கும். அதனால் ஷூட்டிங்குக்குப் பல மாதம் முன்பே போட்டுவிடுங்கள்.

தலைப்பு வேறு கதை. அதைத் தயாரிப்பாளர் அமைப்பு ஏதாவது ஒன்றில் பதிய வேண்டும். அந்தப் பதிவுக் கடிதம் இல்லாமல் சென்சாருக்கு விண்ணப்பிக்கப் போனால் மாட்டிக்கொள்வீர்கள். மூன்று தலைப்பு எழுதிக்கொண்டு போங்கள். “காலம்”, “நேரம்”, “மீண்டும்” என்று தொடங்கும் தலைப்பை உங்களுக்கு முன்பே யாராவது பதிந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. தலைப்பு உறுதியாகும்வரை போஸ்டர் அடிக்காதீர்கள்.

5. ஒப்பந்தம்: நண்பர்தானே என்று விடாதீர்கள்

நடிகர், கேமராமேன், எடிட்டர், இசையமைப்பாளர், பாடலாசிரியர், வீட்டு உரிமையாளர் எல்லோரிடமும் முத்திரைத்தாளில் எழுதி வாங்குங்கள். நட்பு கெடாமல் இருக்கத்தான் இது.

முக்கியமான பொறி ஒன்று உண்டு. பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டுக்குத்தான் செல்லும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். எங்கள் இசை ஒப்பந்தத்தில் இரண்டுமே இல்லை. வெளிநாட்டு உரிமை பற்றிப் பேச ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது. திரும்ப எழுதி வாங்க வக்கீல் செலவு 15,000 ரூபாய், மூன்று வாரம். காலம், இடம், எந்தெந்த ஊடகம், எவ்வளவு தொகை என்ற நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் தியேட்டர் அல்லாத பயன்பாட்டில் ராயல்டி பங்கு உண்டு. 2012 திருத்தத்துக்குப் பிறகு அதை விட்டுக்கொடுக்கச் சொல்லி எழுதி வாங்க முடியாது, முயலவும் வேண்டாம்.

6. அனுமதிகள்: குழந்தை, ஆடு மாடு, சிகரெட், ரயில்

கடந்த காலம் என்றாலே ஒரு குழந்தை வந்துவிடும். எங்கள் படத்தில் நாயகியின் தங்கைக்கு 9 வயது. 14 வயது நிறையாத குழந்தையை நடிக்க வைக்க, ஷூட்டிங் நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். படிவம் ‘சி’ என்பார்கள். பெற்றோர் சம்மதம், குழந்தைகளின் பட்டியல், பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆளின் பெயர் எல்லாம் அதில் வரும். அனுமதி 6 மாதம் செல்லும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ச்சியாக 27 நாளைத் தாண்டக் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போக வேண்டும். இதெல்லாம் சரியான விதிகள், மனமொப்பிச் செய்யுங்கள். 5 மணி நேரம் என்பதைக் கால்ஷீட் (யார் எப்போது வர வேண்டும் என்ற அன்றைய அட்டவணை) போடும்போதே மனதில் வைக்காவிட்டால் நாள் முழுதும் குழப்பம்தான்.

மிருகம் எதைக் காட்டினாலும் விலங்கு நல வாரியத்தின் அனுமதி வேண்டும். ஷூட்டிங்குக்கு முன்பு விண்ணப்பம், முடிந்த பிறகு ஆட்சேபமில்லாச் சான்று. வாரியத்தின் தலைமையகம் முன்பு சென்னையில் இருந்தது. இப்போது ஹரியானாவில் பல்லப்கர். ஒரு மாலைக் காட்சியில் தெருவில் ஒரு மாட்டுவண்டி தானாகவே கடந்து போனது. அழகாக இருக்கிறதே என்று வைத்துக்கொண்டோம். அந்தச் சான்று இல்லாததால் கடைசியில் 40 வினாடியை வெட்ட வேண்டியதாயிற்று. அந்த 40 வினாடியில்தான் அவள் முதன்முறை சிரிக்கிறாள். இன்னும் மனசு ஆறவில்லை. காட்சி எழுதும்போதே மிருகம் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். வேண்டாம் என்றால், ஃபிரேமுக்குள் எதுவும் நடந்து வராமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆளை நிறுத்துங்கள்.

பழைய பெட்டிக்கடை என்றதும் யாராவது ஒருவர் கையில் சிகரெட்டைக் கொடுத்துவிடுவார். ஒரு இழுப்பு காட்டினாலும் படத் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பின்பும் 30 வினாடி விழிப்புணர்வுப் படம், அதே இடங்களில் 20 வினாடி எச்சரிக்கை, காட்சியின் அடியில் எழுத்து என எல்லாம் சேர்க்க வேண்டும். யாரும் புகைக்காத ஊராக எழுதிவிடுங்கள்.

ரயில் காட்சியை விட்டுவிடுங்கள். கட்டணம், முன்வைப்புத் தொகை, காப்பீடு ஒரு பக்கம் இருக்கட்டும். விழுப்புரம்–மயிலாடுதுறை பாதை 2010இல்தான் அகலப் பாதையானது. 2001இல் அங்கே ஓடியது மீட்டர் கேஜ் என்ற குறுகிய பாதை வண்டி. இப்போது மேலே மின்கம்பி வேறு. அனுமதி வாங்கினாலும் காட்சி பொய்யாகத்தான் இருக்கும். நாங்கள் ஜன்னல், அவள் முகம், தூரத்தில் கூவும் சத்தம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டோம்.

தெருவில் எடுப்பதற்கு உள்ளாட்சி, காவல் நிலையம் இரண்டுக்கும் தனித்தனிக் கடிதம். ஒன்றைக் காட்டி இன்னொன்றைச் சமாளிக்க முடியாது. நகலில் வாங்கிய முத்திரையோடு ஒரு பிரதி ஸ்பாட்டில் எப்போதும் இருக்கட்டும்.

7. ஃபிரேமுக்குள் நுழையும் நிகழ்காலம்

இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள். நாங்கள் மறுபடி எடுத்த காட்சிகள் எல்லாம் இதனால்தான்.

ரூபாய்க் குறி: ₹ என்ற குறி 2010 ஜூலையில் வந்தது. அதற்கு முந்தைய காலத்தில் விலைப் பலகை, பில், காலண்டர் எதிலும் அது இருக்கக் கூடாது. “ரூ.” என்றுதான் எழுத வேண்டும். எங்கள் ஆர்ட் டைரக்டர் கையால் எழுதிய டீக்கடைப் பலகையிலேயே பழக்கத்தில் ₹ வந்துவிட்டது.

ரூபாய் நோட்டு: பழைய 500, 1000 நோட்டுகளைத் தேடி அலையாதீர்கள். 2017 சட்டப்படி செல்லாத நோட்டு 10 தாளுக்கு மேல் வைத்திருப்பதே குற்றம். சேகரிப்பவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் மட்டும் 25 வரை. நோட்டு போலவே அச்சடிப்பதும் குற்றம்தான். பழைய காந்தி வரிசை 10, 20, 100 ரூபாய்த் தாள்கள் இன்றும் செல்லும், அவற்றையே பயன்படுத்துங்கள். 2005க்குப் பிறகு அச்சானவற்றின் பின்பக்கம் அடியில் ஆண்டு இருக்கும். அதனால் ₹ குறி இல்லாத தாளாகப் பார்த்து, முன்பக்கத்தைக் காட்டுங்கள்.

கடைப் பலகை: கைபேசி எண், ஜிஎஸ்டி எண், உணவு உரிம எண், க்யூஆர் அட்டை, சிசிடிவி கேமரா. ஐந்தையும் தேடுங்கள். ஊரின் பெயர்ப் பலகையில் “மயிலாடுதுறை மாவட்டம்” என்று இருந்தால் அதுவும் தப்பு. 2020இல்தான் அது தனி மாவட்டமானது, அதற்கு முன் நாகப்பட்டினம் மாவட்டம். உங்கள் ஊருக்கும் இப்படி ஒரு பெயர் மாற்றம் இருக்கும், விசாரித்து வையுங்கள்.

மாடிகள்: வட்ட டிஷ் ஆண்டெனா, செல்போன் கோபுரம், சோலார் தகடு. கேமராவைத் தாழ்த்தி, வானத்தைத் தவிர்த்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

வெளிச்சம்: இதை யாரும் சொல்லித் தருவதில்லை. அன்று தெருவிளக்கு மஞ்சள், இன்று எல்இடி வெள்ளை. இரவுத் தெருக்காட்சி எடுத்தால் அந்த வெள்ளை ஒளியே வருடத்தைக் காட்டிக் கொடுக்கும். வீட்டுக்குள் சோக் போட்ட டியூப்லைட், குண்டு பல்பு வைத்து எடுங்கள். வெளியே என்றால் அந்தி நேரம்.

சுவரில் ஒட்டும் சினிமா போஸ்டர், பத்திரிகை அட்டை எல்லாவற்றுக்கும் உரிமையாளர் இருக்கிறார். இல்லாத ஒரு படத்துக்கு நீங்களே போஸ்டர் வரைந்துவிடுங்கள். எங்களுக்கு வரைந்து கொடுத்தவர் முன்பு பேனர் எழுதியவர். நான்கு போஸ்டர் 6,000 ரூபாய். அதில் ஒன்றை இப்போது வீட்டில் மாட்டி வைத்திருக்கிறேன்.

ஆர்ட் செலவு, அதாவது செட்டுக்கும் பொருட்களுக்கும், மொத்தம் 2.8 லட்சம் ஆனது. கேமரா, லென்ஸ், லைட் வாடகை நாளுக்கு 22,000 வீதம் 17 நாளுக்கு 3.74 லட்சம். ஆர்ட்டுக்கு முதலில் 80,000தான் எழுதியிருந்தோம். கேமராவைக் குறைத்தாவது ஆர்ட்டுக்கு ஒதுக்குங்கள்.

8. ஷூட்டிங் வரிசை

கடந்த காலத்தை முதலில் மொத்தமாக எடுத்து முடியுங்கள். எங்களுக்கு 11 நாள் கடந்த காலம், 6 நாள் நிகழ்காலம். பூத் செட்டை ஒருமுறை போட்டுப் பழையதாக எடுத்துவிட்டு, பிறகு அதையே தூசி படியவிட்டு நிகழ்காலமாக மாற்றினோம். மாற்றி மாற்றிப் போனால் செட்டும் கெடும், கன்டினியூட்டியும் (காட்சிக்குக் காட்சி பொருந்துவதும்) கெடும். திரும்பத் திரும்ப வரும் காட்சி என்றால் ஒவ்வொரு பொருளும் எங்கே இருந்தது என்று போட்டோ எடுத்து வையுங்கள். டம்ளர் ஒரு அங்குலம் நகர்ந்தாலும் பார்ப்பவர்கள் அதைக் கதையின் குறிப்பு என்று நினைப்பார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் ஷெட்யூல் போடாதீர்கள். மழையில் மூன்று நாள் சும்மா உட்கார்ந்தோம். தங்குவது, சாப்பாடு, பேட்டா (தினப்படி) எல்லாம் ஓடிக்கொண்டேதான் இருந்தது. 20 பேருக்குச் சாப்பாடு தலைக்கு நாளுக்கு 400 ரூபாய் ஆனது. அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். சம்பளம் குறைவாக வாங்கி வந்தவர்கள் நல்ல சாப்பாடாவது சாப்பிட வேண்டும்.

9. அந்தக் காலத்துப் பாட்டு

ரேடியோவில் ஒரு பழைய பாட்டு ஒலித்தால் காலம் தானாக வந்துவிடும், உண்மைதான். ஆனால் அதற்கு ஒலிப்பதிவின் உரிமை ஒரு பக்கம், வரிகள், மெட்டு இவற்றின் உரிமை இன்னொரு பக்கம். பொது இடத்தில் பாட்டு போடுவதற்கான உரிமம் படத்துக்குள் வைக்கச் செல்லாது. ஒலிப்பதிவின் உரிமை வெளியாகி 60 ஆண்டில் முடியும். வரிகளும் மெட்டும் எழுதியவர் இறந்து 60 ஆண்டுவரை காப்பில் இருக்கும். ஒலிப்பதிவு பழையது என்பதால் மட்டும் பாட்டு இலவசமாகிவிடாது.

எங்கள் வழி: பாரதியார் வரிகளை எடுத்துப் புதிதாக மெட்டமைத்தோம். அவருடைய எழுத்து நாட்டுடைமை, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. எட்டு வரி, ஒரு பெண் குரல், ஒரு ஹார்மோனியம். அதைப் பழைய ரேடியோ ஒன்றில் ஓடவிட்டு மைக் வைத்துப் பதிந்தோம். எல்லோரும் அதை 1950களின் பாட்டு என்றே நினைக்கிறார்கள்.

ஸ்பாட்டில் பக்கத்துக் கடை ரேடியோ ஓடினால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். வசனத்தோடு அந்தப் பாட்டும் பதிந்துவிட்டால் முழுக் காட்சியையும் டப்பிங் செய்ய வேண்டும். எங்களுக்கு இரண்டு காட்சி அப்படிப் போயின. டப்பிங்கில் குரலில் இருந்த அந்த நடுக்கம் திரும்ப வரவே இல்லை.

10. சென்சார்

விண்ணப்பம் முழுக்க ஆன்லைனில், இ-சினிபிரமாண் தளத்தில். கதைச்சுருக்கம், முழுப் பெயர்ப் பட்டியல், வசனப் பிரதி, பாடல் வரிகள், தலைப்புப் பதிவுக் கடிதம், மிருகம் இருந்தால் அதன் சான்று ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு உட்காருங்கள். கட்டணம் படத்தின் நீளத்தைப் பொறுத்தது. 2023 திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர் துணையோடு குழந்தைகள் பார்க்கலாம் என்ற யு/ஏ சான்று 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிந்திருக்கிறது. எது கிடைத்தாலும் படத்துக்கு ஆயுள் முழுதும் செல்லும்.

தணிக்கை முடிந்த பிறகு ஒரு காட்சியைச் சேர்த்தாலோ மாற்றினாலோ திரும்ப அனுமதி வாங்க வேண்டும். சப்டைட்டில் உட்பட எல்லாம் முடிந்த பிரதியையே கொண்டு போங்கள். காது கேளாதோர், பார்வையற்றோருக்கான வசன எழுத்தும் ஒலி விவரிப்பும் பற்றி 2024இல் வழிகாட்டுதல் வந்தது. ஒரே மொழிப் படங்களுக்கு 2 ஆண்டு அவகாசம் கொடுத்திருந்தார்கள். இனி எடுக்கப் போகிறவர்கள் அந்தச் செலவை முதல் நாளே கணக்கில் எழுதிவிடுங்கள்.

சான்றிதழ் கைக்கு வரும்வரை ரிலீஸ் தேதி அறிவிக்காதீர்கள். நாங்கள் அறிவித்துவிட்டு இரண்டு முறை தள்ளினோம், தியேட்டருக்குக் கொடுத்த முன்பணமும் போயிற்று. விண்ணப்பத்துக்கும் ரிலீஸுக்கும் நடுவே இரண்டு மாதமாவது விடுங்கள். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடக்கும் மார்ச் மாதத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

சிறு பட்ஜெட் படங்களுக்குத் தமிழக அரசின் மானியம் இருக்கிறது. விண்ணப்பம் கேட்கும்போது போடுவதற்கு வசதியாக, சான்றிதழ், வெளியீட்டு ஆதாரம், செலவு ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வரிசையாகச் சேர்த்து வையுங்கள். பணம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, அதை நம்பி யாரிடமும் கடன் வாங்காதீர்கள். டீக்கடை பில்லைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். எங்களிடம் 2 லட்சத்துக்கு மேல் ரசீதே இல்லை.